பால் விட வந்தவர்கள்

சிவக்கொழுந்து தன் புருஷனுக்கு ஒரு மிடறு தண்ணீர்கூடக் கொடுக்க விடுகிறாளில்லை என்ற கதை, அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாளே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து அவர்களுடைய வடகரை ஊருக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். கதை அதற்கு முன்னரே போயிருந்தது.

கதையில் பொய் எதுவும் இல்லை. அவள் உண்மையிலேயே கொடுக்க விடவில்லை.

அவளுடைய புருஷன் கனகலிங்கத்துக்கு வயது அறுபத்திரண்டு. பாய்க்கப்பல்கள் ஓடிய காலத்தில் அவர் கப்பலை நடத்திய தண்டையல். கப்பலில் தண்டையல் ஒன்று சொன்னால் மறுபேச்சு இல்லை; வீட்டிலும் பெரும்பாலும் அப்படித்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து வாளி நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. பேச்சு வரவில்லை.

சிவக்கொழுந்து அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஒழுங்கை வீடுகளில் யாராக இருந்தாலும் செய்திருக்கக்கூடியதைச் செய்தாள். சுக்கும் மிளகும் போட்ட கோப்பி ஊற்றி, அதை மூக்கு வைத்த வெண்கலச் செம்பான மூக்குப்பேணியில் எடுத்து, அவரை அண்ணாக்கப் பிடித்து வாய்க்குள் விட்டாள். பேணியில் வாய் படாமல், தலையைப் பின்னால் சாய்த்து, உயரத்திலிருந்து ஊற்றிக் குடிப்பதுதான் அவர்களுடைய பழக்கம். அவர் பிறந்த நாள் தொட்டு அப்படித்தான் குடித்து வந்தார். இந்த முறை அவருக்குப் புரையேறியது. கண்கள் பிதுங்கின. கோப்பி மூக்கால் வந்தது. "இருமுறார், உயிர் இருக்கு, இன்னும் கொஞ்சம் விடு" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அவள் இன்னும் கொஞ்சம் விட்டாள். பிறகுதான் வாடகைக் கார் வந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் படுத்த கட்டிலுக்கு வந்த தாதி பத்மாசினியின் முதல் கேள்வியே அதுதான்.

"வாயாலை ஏதும் குடுத்தனீங்களோ, அம்மா?"

"ஓம் மிஸி. சுக்குக் கோப்பி. ஒரு அரைப் பேணி போயிருக்கும்."

பத்மாசினி கொக்குவில் பெண். முப்பது வயது இருக்கும். குரலை உயர்த்தத் தெரியாதவள். முந்தி வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், பாரிசவாதம் வந்து தேறிக்கொண்டிருந்த ஒரு தபால்காரர், தன் மனைவி கொடுத்த ஒரு வாய் சோடாவோடு மூச்சு முட்டி இறந்துபோனதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். பாரிசவாதம் என்று யார் வந்தாலும், விழுங்குகிறாரா என்று தானே பார்க்காமல் ஒரு சொட்டும் கொடுக்க விடமாட்டாள்.

அன்று பின்னேரம் அவள் கனகலிங்கத்தைத் தலையணைகளால் முட்டுக்கொடுத்து நேராக நிமிர்த்தி இருத்தினாள். வாயை ஈரத்துணியால் துடைத்தாள். அண்ணாக்க விடாமல் நாடியை நெஞ்சை நோக்கிக் கீழே பதித்தாள். இரண்டு விரல்களை அவருடைய தொண்டை முடிச்சின்மேல் வைத்துக்கொண்டு, ஆறின தண்ணீரை ஒரு தேக்கரண்டி, ஒரே ஒரு தேக்கரண்டி, நாக்கில் விட்டாள். விட்டுவிட்டுக் காத்திருந்தாள். முடிச்சு அசையவில்லை. தண்ணீரில் பாதி கடைவாயால் வழிந்தது. சற்றுப் பொறுத்து அவர் முனகினார். அந்த முனகல், தண்ணீருக்குள் ஊதியதுபோலக் களகளவென்று கேட்டது.

"காணும், இனி வேண்டாம்," என்றாள் பத்மாசினி. "இருமேல்லை எண்டு நினைச்சு சந்தோசப்படாதேங்கோ. இருமாமலும் உள்ளை போகும். குரல் காட்டிக்குடுக்குது."

"எங்கை போகுது, மிஸி?"

"தொண்டைக்குள்ளை ரெண்டு வழி, அம்மா. ஒண்டு சாப்பாட்டுக்கு, மற்றது மூச்சுக்கு. விழுங்கேக்கை மூச்சு வழி தானாய் மூடும். இவருக்கு இப்ப அது நேரத்துக்கு மூடுதில்லை."

சிவக்கொழுந்து அவருடைய நெஞ்சைப் பார்த்தாள்.

"அப்ப நான் விட்ட கோப்பி?"

பத்மாசினிக்குப் பொய் சொல்லத் தெரியும். எல்லாத் தாதிகளுக்கும் தெரியும். ஆனால் அவள் அந்தப் பெண்ணின் பக்கத்தில் வந்து நின்று, தோளில் கை வைத்துச் சொன்னாள்: "கொஞ்சம் நெஞ்சுக்குள்ளை போயிருக்கும். காய்ச்சல் வரலாம். நீங்கள் தெரியாமல் செய்தது, அம்மா. அதைக் கடவுள் கணக்கிலை எடுக்கமாட்டார். இனித்தான் கவனம்."

ஆஸ்பத்திரிக்காரர் அவருடைய மூக்கு வழியாக ஒரு றப்பர்க் குழாயை வயிற்றுக்குள் விட்டு, அதனால் பாலும் கஞ்சித் தண்ணீரும் கொடுத்தார்கள். பத்மாசினி ஒரு மட்டையில் பெரிய எழுத்தில், வருகிற சனம் வாசிக்கக்கூடியதாகத் தமிழில் எழுதித் தலைமாட்டில் தொங்கவிட்டாள்: வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது. தண்ணீரும் கூடாது.

அவள் சொன்னதுபோலவே மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. நெஞ்சு இரைந்தது. டொக்டர் வந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, பென்சிலின் ஊசி எழுதி, "ரெண்டு நாள் போகட்டும்" என்றார். கனகலிங்கத்தைப் பார்க்க வந்த ஊர்க்காரர் ஒருவர், மூக்கில் குழாயையும் தலைமாட்டில் மட்டையையும் அனல் பறக்கும் உடம்பையும் கண்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனார். அவரோடு கதையும் போனது.

நாலாம் நாள் பின்னேரம் பார்வையாளருக்கான மணி அடித்து ஓயமுன்னர் ஏழெட்டுப் பேர் வார்ட்டுக்குள் வந்தார்கள். முன்னால் வந்தவள் கனகலிங்கத்தின் தமக்கை ஞானாம்பிகை. எழுபது வயது. நெற்றி நிறையத் திருநீறு. கையில் வாழையிலைத் துண்டால் மூடிய வெள்ளிச் செம்பு. பின்னால் அவளுடைய புருஷன் ஆழ்வாப்பிள்ளை, சால்வையைத் தோளிலிருந்து எடுத்து, சாவுச் சடங்குக்கு நிற்பவர்போல இடுப்பில் கட்டியபடி வந்தார். அப்படிக் கட்டியிருந்ததைப் பார்த்தவுடனேயே சிவக்கொழுந்துக்கு விளங்கிவிட்டது. அவர்கள் வருத்தம் பார்க்க வரவில்லை. கடைசிப் பால் விட வந்திருக்கிறார்கள்.

உயிர் பிரிகிற நேரம் உரித்தானவர்கள் ஒவ்வொருவராக வந்து வாயில் ஒரு கரண்டி பால் விடவேண்டும். வாய் காய்ந்து போகக் கூடாது. சிவக்கொழுந்து தன் தகப்பனுக்கு விட்டிருக்கிறாள், மாமிக்கு விட்டிருக்கிறாள். அந்தக் கரண்டியில் எவ்வளவு அன்பு இருக்கிறது என்பதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

எழுந்து கட்டிலுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றாள்.

"வாங்கோ மச்சாள். இருங்கோ. பாலை அங்கை வையுங்கோ."

"இருக்க வரேல்லை, சிவக்கொழுந்து. தள்ளி நில் அங்காலை."

"அவருக்கு வாயாலை ஒண்டும் குடுக்கக் கூடாது, மச்சாள். எழுதிக் கிடக்கு."

"நான் எழுத்துப் பாக்க வரேல்லையடி! தாய் சாகேக்கை இவனுக்கு ஒரு வயசு. நான் ஒன்பது வயசுப் பெட்டை. சங்காலை பால் பருக்கி வளர்த்தனான். இவன்ரை வாயிலை நான் பால் விடக் கூடாதெண்டு சொல்ல நீ ஆர்?"

"பெண்சாதி."

ஆழ்வாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "பிள்ளை, பொம்பிளையள் ஆஸ்பத்திரியிலை சத்தம் போடுறது வடிவில்லை. ஒவ்வொரு கரண்டி. விட்டிட்டு நாங்கள் போறம்."

"நீங்கள் எட்டுப் பேர் வந்திருக்கிறியள், அண்ணை. எட்டுக் கரண்டி. அவருக்கு ஒரு கரண்டியே கூட."

சத்தம் கேட்டு வார்ட் முழுவதும் திரும்பியது. பக்கத்துக் கட்டிலில் கொழும்புத்துறைக் கடற்றொழிலாளி பிலிப்பு ஈளை இழுப்போடு எழும்பிக் குந்தினார். ஒரு கிழமையாக அவரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. ஆகையால் மற்றவர்களைப் பார்க்க வருகிறவர்களை அவர் மிகுந்த கவனத்தோடு பார்ப்பார்.

பத்மாசினி வந்தாள். ஞானாம்பிகை அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதானோ தம்பியின்ரை வாய்க்குப் பூட்டுப் போட்டனி?"

"ஓம் ஆச்சி, நான்தான்," என்றாள் பத்மாசினி. அதைச் சொன்ன விதத்தில் பணிவும் இருந்தது. ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்காத தன்மையும் இருந்தது. "ஏனெண்டு காட்டுறன், பாத்திட்டுச் சொல்லுங்கோ. உங்கடை தொண்டையிலை இப்பிடி ரெண்டு விரலை வையுங்கோ. வைச்சுக்கொண்டு எச்சிலை விழுங்குங்கோ."

ஞானாம்பிகை செம்பை இடது கைக்கு மாற்றிவிட்டு, சந்தேகத்தோடு விரல்களை வைத்தாள். விழுங்கினாள். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் தொண்டையைத் தொட்டார்கள். ஆழ்வாப்பிள்ளையும் தொட்டார். பிலிப்பும் தொட்டார். சற்று நேரம் அந்த வார்ட்டில் எல்லோரும் ஒரே வேலையாக எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றார்கள்.

"என்ன நடக்குது, ஆச்சி?"

"முடிச்சு ஏறி இறங்குது."

"ஓம். அது ஏறேக்கைதான் மூச்சு வழி மூடுது. இப்ப தம்பியின்ரை தொண்டையிலை வையுங்கோ."

கிழவியின் விரல்கள் தம்பியின் தொண்டைமேல் இருந்தன. காய்ச்சல் சூடு அவளுடைய விரலில் சுட்டது. கனகலிங்கம் கண்களைத் திறந்து அவளைப் பார்த்தார். கடைவாயில் எச்சில் தேங்கி நின்றது. அவள் காத்திருந்தாள். முடிச்சு ஏறவே இல்லை.

ஞானாம்பிகையின் முகம் மாறியது. ஆனால் மாறியது அவர்கள் எதிர்பார்த்த பக்கமாக அல்ல.

"தன்ரை எச்சிலையே விழுங்கேலாமல் கிடக்கிறான்! அப்ப போறான் எண்டுதானே? என்ரை பிள்ளையைக் காஞ்ச வாயோடை அனுப்பச் சொல்லுறியளோ?" அவள் இலையை எடுத்து எறிந்துவிட்டுக் கரண்டியைப் பாலில் தோய்த்தாள்.

சிவக்கொழுந்து கட்டிலில் ஏறி இருந்தாள். பிற ஆண்கள் பார்க்க அவள் புருஷனின் கட்டிலில் ஒருநாளும் இருந்ததில்லை. இருந்துகொண்டு, தன் உள்ளங்கையால் அவருடைய வாயை மூடினாள்.

"கேளுங்கோ மச்சாள். எல்லாரும் கேளுங்கோ. இந்தக் காய்ச்சல் வந்தது என்னாலை. விழுந்து கிடந்தவரை அண்ணாக்கப் பிடிச்சு மூக்குப்பேணியாலை கோப்பி விட்டனான். அது நெஞ்சுக்குள்ளை போய்த்தான் இப்ப அவிக்குது. நல்லதெண்டு நினைச்சுத்தான் விட்டனான். உங்களைப் போலை ஆசையாத்தான் விட்டனான்."

நாலு நாளாக அவள் அதை பத்மாசினியைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை.

"இவர் செத்தால், புருஷனுக்குப் பால் விடாதவள் எண்டு ஊர் சொல்லட்டும். செத்தவீட்டிலை சொல்லுங்கோ, முப்பத்தொராம் நாள் அந்தியேட்டியிலை சொல்லுங்கோ, ஊரிலை நடக்கிற கலியாணத்திலையும் சொல்லுங்கோ. நான் தலையைக் குனிஞ்சு கேட்பன். ஆனால் உயிரோடை இருக்கிற மனுசனுக்குச் சாவுப்பால் விட விடமாட்டன். என்னைத் தள்ளிப்போட்டு விடுங்கோ பாப்பம்."

"புருஷனுக்குத் தண்ணி குடுக்காதவளின்ரை வாயைப் பாருங்கோ," என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள்.

"வாய் எனக்கு நல்லா வேலை செய்யுது," என்றாள் சிவக்கொழுந்து. "அவருக்கும் வேலை செய்யும். பொறுங்கோ."

ஞானாம்பிகையின் கையில் கரண்டி அந்தரத்தில் நின்றது. பால் துளி துளியாகச் சீமெந்து நிலத்தில் விழுந்தது. அந்த நேரத்தில்தான் பிலிப்பு தன் தகரக் கோப்பையை நீட்டினார்.

"ஆச்சி, உந்தப் பாலை என்ன செய்யப்போறியள்? திருப்பிக் கொண்டுபோனால் பஸ்ஸுக்குள்ளை திரைஞ்சுபோம்."

"சீ! இது சாவுப் பால்!" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"சாகிறவனுக்குக் குடுத்தால்தானே ஐயா சாவுப் பால்? உவர் சாகேல்லை எண்டு பெண்சாதி சொல்லுறா. நானும் சாகேல்லை. எனக்கு முடிச்சு நல்லா ஏறி இறங்குது, இப்பதான் பாத்தனான்."

பின்னால் நின்ற இளம்பெண் ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். சிவக்கொழுந்து ஒரு கையை நீட்டினாள். மற்றக் கை புருஷனின் வாயிலேயே இருந்தது. ஞானாம்பிகை செம்பைக் கொடுக்கவும் இல்லை, பிடித்து வைக்கவும் இல்லை. சிவக்கொழுந்து அதை மெதுவாக வாங்கிப் பிலிப்பின் கோப்பையில் வார்த்தாள். அவர் சிலுவை போட்டுக்கொண்டு, கடைசித் துளி வரைக்கும் குடித்து, மீசையைத் துடைத்தார்.

"கடவுள் புண்ணியம் தருவார், ஆச்சி. சீனிதான் கொஞ்சம் காணாது."

ஞானாம்பிகை வெறும் செம்பை வாங்கிச் சேலைத் தலைப்பால் மூடினாள். "இவனுக்கு ஏதும் நடந்தால் உன்ரை வாசல்படி மிதிக்கமாட்டன்," என்றாள்.

"மிதிக்க வேண்டாம் மச்சாள். ஆனால் நாளைக்கும் இஞ்சை வாங்கோ. அவர் உங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தவர்."

அவர்கள் போன பிறகுதான் சிவக்கொழுந்து அவருடைய வாயிலிருந்து கையை எடுத்துக் கட்டிலைவிட்டு இறங்கினாள். பத்மாசினி ஒரு ஸ்ரூலை இழுத்துப் போட்டாள். "பிழைச்சால் என்னைப் புகழுவினம், அம்மா. பிழைக்காட்டில் உங்களைத்தான் தின்னுவினம்."

"தெரியும் மிஸி."

"தெரிஞ்சுமோ?"

"தெரிஞ்சுதான்."

அடுத்த இரண்டு நாட்களும் அவள் செய்தது சிறிய வேலை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, விரலில் சுற்றி, அவருடைய பல்லையும் நாக்கையும் கன்னத்தின் உட்பக்கத்தையும் துடைத்தாள். வாய் காயக் கூடாது என்று மச்சாள் கேட்டதில் பிழை எதுவும் இல்லை. அதைக் காயவிடாமல் வைத்திருக்க வேறு வழி இருந்தது. துடைக்கும்போது சந்நிதி முருகனை நினைத்தாள். அவள் கேட்டது பெரிய வரம் அல்ல. நடை வேண்டும் என்று கேட்கவில்லை, பேச்சு வேண்டும் என்றும் கேட்கவில்லை. எச்சில் விழுங்கவேண்டும் என்று கேட்டாள். கோயில்களில் அதை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். நாளுக்கு ஆயிரம் தடவை கேளாமலே கிடைக்கிற ஒன்றை யார் கேட்கப் போகிறார்கள்?

"எங்கடை மடு மாதாவுக்கும் சொல்லி வைச்சிருக்கிறன்," என்றார் பிலிப்பு. "ரெண்டு பக்கமும் சொல்லி வைச்சால் பிழையில்லை."

ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஒன்பதாம் நாள் பத்மாசினி மறுபடியும் அவரை நிமிர்த்தி இருத்தி, தேக்கரண்டித் தண்ணீர் விட்டாள். முடிச்சு பிந்தி ஏறியது. ஆனால் ஏறியது. சிவக்கொழுந்துக்கு அழுகை வந்தது. இரண்டாம் கரண்டியில் அவர் இருமினார், பத்மாசினி உடனே நிறுத்தினாள்.

"இன்னொரு கரண்டி பாப்பமே, மிஸி?"

"அண்டைக்கு எட்டுப் பேரை மறிச்ச நீங்களோ கேட்கிறியள்? பாக்கேலாது."

சிவக்கொழுந்து வெட்கத்தோடு கரண்டியைக் கழுவப் போனாள்.

ஞானாம்பிகை நாளும் வந்தாள். வார்ட்டுக்குள் வரவில்லை. வெளி விறாந்தையில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மணி அடிக்கும்வரை நிற்பாள். சிவக்கொழுந்து தினமும் ஒரு ஸ்ரூலைக் கொண்டுபோய் அவளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவாள். அவள் அதில் இருக்கமாட்டாள். சிவக்கொழுந்து அடுத்த நாளும் வைப்பாள்.

பன்னிரண்டாம் நாள் பத்மாசினி தண்ணீரை எடுக்கவில்லை. "தண்ணிதான் ஆகக் கஷ்டம், அது ஓடிப்போம். தடிப்பானது மெல்லப் போகும், தொண்டைக்கு ஆயத்தமாக நேரம் கிடைக்கும்," என்று சொல்லி, குரக்கன் என்ற கேழ்வரகு மாவைத் தடிப்பாகக் களிபோலக் காய்ச்சி ஆறவைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். நாடியைப் பதித்து, விரலை வைத்து, ஒரு கரண்டி கொடுத்தாள். முடிச்சு ஏறி இறங்கியது. "ஆ எண்டு சொல்லுங்கோ, ஐயா." கனகலிங்கத்துக்குச் சொல் வராது, ஆனால் ஒரு உறுமல் வந்தது. காய்ந்த, தெளிந்த உறுமல். இரண்டாம் கரண்டி. மூன்றாம் கரண்டி. இருமல் இல்லை. வாயைத் திறந்து பார்த்தாள், கன்னத்துக்குள் எதுவும் தங்கியிருக்கவில்லை.

"இனி நீங்கள் குடுங்கோ, அம்மா," என்று கரண்டியைச் சிவக்கொழுந்திடம் நீட்டினாள். "சின்னக் கரண்டி. ஒண்டு விழுங்கி முடிஞ்ச பிறகு மற்றது."

சிவக்கொழுந்து கரண்டியை வாங்கமுன்னர் கனகலிங்கத்தின் இடது கை நீண்டு அதைப் பறித்தது. பன்னிரண்டு நாள் மற்றவர்கள் செய்ததை எல்லாம் பொறுத்துக்கொண்டிருந்த தண்டையல், பெண்சாதியை ஒரு பார்வை பார்த்தார். அவளுக்கு அந்தப் பார்வையை முப்பத்தைந்து வருஷமாகத் தெரியும். மறுபேச்சு இல்லை. கிண்ணம் வலது பக்கத்து மேசையில் இருந்தது. அவர் நெஞ்சுக்குக் குறுக்காக இடது கையை நீட்டி, எட்டாமல், மறுபடியும் நீட்டி, ஒரு கரண்டி அள்ளினார். பாதி சாரத்தில் சிந்தியது. மீதியை வாய்க்குக் கொண்டுபோனார்.

"இடக்கையாலையோ!"

ஞானாம்பிகை வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். "தம்பி! சாப்பாட்டை இடக்கையாலை தொடுறியோ? எங்கடை வீட்டிலை ஆரும் செய்வினமோ உதை? சிவக்கொழுந்து, பாத்துக்கொண்டு நிக்கிறாய்!"

"அந்தக் கைதான் மச்சாள் இருக்கு," என்றாள் சிவக்கொழுந்து.

கனகலிங்கம் தமக்கையை நேராகப் பார்த்தபடி மென்றார். நாடி கீழே பதிந்தது. தொண்டை முடிச்சு, எல்லோரும் பார்க்க, ஏறி இறங்கியது. பிறகு, கரண்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் எட்டாத கிண்ணத்துக்குக் கையை நீட்டினார்.

ஞானாம்பிகை சற்று நேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது கரண்டியின் நுனியால் கிண்ணத்தின் விளிம்பை இரண்டு தரம் தட்டித் தவறியது.

"கழுவினதோ உந்தக் கை?" என்று கேட்டாள், யாரையும் பார்க்காமல்.

சிவக்கொழுந்து பதில் சொல்லமுன்னர், அவளே மேசையிலிருந்த தண்ணீர்க் கூஜாவைச் சரித்து, கோப்பைக்கு மேலாக அந்தக் கையைப் பிடித்து, விரல் விரலாகக் கழுவி, தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்துக் கட்டிலைச் சுற்றி வந்து, இடது பக்கத்தில், அவருக்கு எட்டும் தூரத்தில் வைத்தாள்.